பட்டறையின் முகப்புப் படம்

புதன்கிழமை காலையிலிருந்து அது ஏழாவது படம்.

மிஷினக்கா தையலை நிறுத்தினாள். நிறுத்தாமல் முடியாது. ஊசிக்கும் அவள் கண்ணுக்கும் நடுவில் புருஷனுடைய போன் வந்து நின்றது.

"இது எப்படி இருக்கு?"

"தள்ளுங்க. ஓரத்துப் பைப்பிங் கோணப் போவுது."

"ஒரு நிமிஷம் பாரேன். கண்ணு என்ன தேஞ்சா போயிடும்?"

பார்த்தாள். வெள்ளை சோபா. பின்னால் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். சோபாவின் மேல் ஒரு தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்கள், யாரோ இப்போதுதான் எழுந்து குளிக்கப் போன மாதிரி.

"இது யாரு வீடு?"

"யார் வீடா இருந்தா என்ன? நெட்ல கிடைச்சுது. பளிச்சுனு இருக்கில்ல?"

"நாம தெச்சதா?"

"நாம தெச்சதுன்னு யாரு சொன்னா? சும்மா நம்ம பக்கத்துல மேல போடறதுக்கு."

"அப்ப எனக்கு எதுக்குக் காட்டறீங்க? எனக்கு இன்னும் எட்டு ஸ்டூல் இருக்கு." மறுபடி மிதியை அழுத்தினாள். மோட்டார் கர்ரென்று எழுந்து அவர் அடுத்துச் சொன்னதை விழுங்கிக்கொண்டது. அந்த மிஷினில் அவளுக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

கீழே பட்டறை, மேலே வீடு. கீழே நீளமான ஒரே அறை. சுவரோரம் மரச்சட்டங்கள் எலும்பும் தோலுமாகச் சாய்ந்து கிடக்கும். ஒரு மூலையில் ஃபோம் ஷீட்டுகள், இன்னொரு மூலையில் ரெக்சின் சுருள்கள், நடுவில் பின் அடிக்கும் 'கன்'னுக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரசர். பசை வாடை படியேறிப் போய் மேலே தலையணை வரைக்கும் இருக்கும். நாலு நாளாக வெயிலோடு காற்றும் சேர்ந்து அடித்ததில் தெருப்புழுதி மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. வெளிர் நிறத் துணியை விரிக்கவே பயமாக இருந்தது. கதவைச் சாத்தினால் பசை வாடை, திறந்தால் புழுதி. காலையில் கதவைத் திறப்பதா சாத்துவதா என்றே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது.

அந்தத் தெருவில் அவளுக்கு மிஷினக்கா என்றுதான் பேர். இருபத்திரண்டு வருஷமாக எப்போது எட்டிப் பார்த்தாலும் மிஷினில்தான் இருப்பாள். அவள் புருஷன் பெரியவர். அவர் தம்பி சின்னவர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து பட்டறை வைத்த காலத்தில் வாடிக்கைக்காரர்கள் வைத்த பேர்கள். சின்னவர் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு போய் மூன்று தெரு தள்ளித் தனியாகப் பட்டறை போட்டுவிட்டார். இவர் மட்டும் இன்னும் பெரியவராகவே இருந்தார்.

படம் தேவைப்பட்ட காரணம் இதுதான். ஊரின் நாடக அரங்கத்தில் முந்நூற்றுப் பத்து நாற்காலிகளுக்கு உறை மாற்றப் போகிறார்கள். அரங்கத்தின் மேனேஜர் அம்மா திங்கட்கிழமை நேரில் வந்து துணி மாதிரிகளைத் தடவிப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார். எல்லாம் திருப்தி. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "சனிக்கிழமை எங்க கமிட்டி கூடுது. அவங்க எல்லாரும் இங்க வரமாட்டாங்க, போன்ல, நெட்ல இருக்கற உங்க பட்டறைப் பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. மேல வெறும் சாம்பல் கலரா இருக்கே. உங்க வேலையைக் காட்டற மாதிரி ஒரு படம் போட்டு வையுங்க."

சின்னவர் போனதிலிருந்து பெரிய வேலை எதுவும் அவர்கள் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. மூன்று பேர் உட்காரும் சோபாவை ஒற்றை ஆளாகத் திருப்பிப் போட முடியாது. வந்ததெல்லாம் ஸ்டூல், சைக்கிள் சீட், பல் டாக்டர் நாற்காலியின் கைப்பிடி. மறுக்க முடியாமல் எடுத்த ஒரே ஒரு வங்கிச் சோபா, நகர்த்த ஆளில்லாமல் மாதக்கணக்கில் பாதியில் நின்றது. இரண்டாவது மிஷின் துணி போர்த்திக் கிடந்தது. இந்த அரங்க வேலை வந்தால் பட்டறை மறுபடி பட்டறையாகும். வராவிட்டால், வருகிற வருஷம் மேல் வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு கீழ்ப் பட்டறையை மூடிவிடலாம் என்று பெரியவரே இரண்டு தடவை பேசிவிட்டார்.

ஆகவே படம். சரி, ஒரு படம்தானே என்றுதான் மிஷினக்காவும் நினைத்தாள்.

*

பக்கத்தை நடத்துவது மகள். கல்லூரிக்கு அந்த வாரம் விடுமுறை. மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட மூவரும் மேலே கூடியபோது, மகள் லேப்டாப்பைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அந்தக் கடல் வீட்டை மறந்துடு. அதே படத்தை நாப்பது பேரு போட்டிருக்காங்க. அதுல ஒருத்தர் கழிவறை சாமான் விக்கிறவர்."

"தேடினாத்தானே தெரியும்? யாரு தேடப் போறா?"

"நான் தேடினேனே."

"நீ என் பொண்ணு. உனக்கு என்கிட்ட குத்தம் கண்டுபிடிக்கறதுதானே வேலை."

"அப்பா!"

"சரி, நம்ம கடை வாசலைப் போடு. போர்டு தெரியட்டும்."

மகள் வாசல் படத்தைக் காட்டினாள். சாக்கடை மூடி நன்றாகத் தெரிந்தது. பக்கத்துக் கடையின் வேன் பின்புறம் நன்றாகத் தெரிந்தது. போர்டில் பாதி தெரிந்தது.

"வேனை எடுக்கச் சொல்லிட்டு இன்னொண்ணு எடு."

"எடுத்தாலும் இதேதாம்ப்பா. இது நம்ம சுவத்துல மாட்டற படம் மாதிரி சதுரம் இல்ல. ரிப்பன் மாதிரி. நீளம் அதிகம், உயரம் கம்மி. போர்டு வரணும்னா கதவு போயிடும், கதவு வரணும்னா போர்டு போயிடும்."

"இதை எவன் கண்டுபிடிச்சான்?"

"எவனோ."

"அவனுக்கு சோபா செய்யத் தெரியுமா?"

மிஷினக்கா முட்டையை உரித்துக்கொண்டே, "அவனுக்கு எதுக்குங்க சோபா செய்யத் தெரியணும்?" என்றாள்.

"இல்ல, சொல்றேன். ஒரு பொருள் செஞ்சா ஆளு உக்கார்ற மாதிரி செய்யணும். இதுல எதை வெச்சாலும் தலை போவுது, இல்ல கால் போவுது."

இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்தான். வரிசையாக நின்ற சோபாக்களின் படம் ஒன்று போட்டுப் பார்த்தார்கள். மேலும் வெட்டு, கீழும் வெட்டு. மிச்சம் இருந்தது ஒரு பழுப்புப் பட்டை. ரெக்சின் சுருளைப் படம் எடுத்த மாதிரி இருந்தது. துணி மாதிரிகளின் படம் கம்ப்யூட்டரில் அழகாக வந்தது, போனில் பார்த்தால் இரண்டு பக்கமும் காணாமல்போய் நடுவில் இருந்த கறுப்புத் துணி மட்டும் நின்றது.

"துக்க வீடு மாதிரி இருக்கு," என்றார் பெரியவர்.

"அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்க," என்றாள் மகள், குரல் ஏறி. "காலையிலேர்ந்து நான் போடறேன், நீங்க வேணாங்கறீங்க. நீங்க காட்டறதெல்லாம் ஊரான் வீட்டு சோபா. எனக்கு வேற வேலையே இல்லையா?"

"இருக்கறது ஒரு வேலை, அதையும் செய்யமாட்டேங்கறே."

"அம்மா, சொல்லும்மா இவருகிட்ட."

"என்னை விடுங்க ரெண்டு பேரும்," என்றாள் மிஷினக்கா. "என் போன்ல பழைய படம் கொஞ்சம் இருக்கு. அதைப் பாத்து ஏதாவது தேறுதான்னு சொல்லுங்க. நான் கீழ போறேன்."

அப்படிச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

*

கீழே மூன்றாவது ஸ்டூலுக்கு வட்டம் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அம்மா, கிடைச்சுடுச்சு!"

நாலு வருஷத்துக்கு முந்தைய படம். பல் டாக்டர் வீட்டுக்குப் போன நீலச் சோபா, பட்டறை வாசலில் வண்டி ஏறுவதற்கு முன்னால். அந்த டாக்டரின் வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தது. அவள் பின்னால் போய்ப் போய் எதிர்ச் சுவரில் முதுகு முட்டும்வரை போய் எடுத்திருந்தாள். சோபாவின் இந்த முனையைப் பெரியவர் பிடித்திருந்தார், அந்த முனையைச் சின்னவர். சின்னவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், சோபா ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பெரியவருக்கு இந்தப் பக்கம், இடது ஓரத்தில், கழுத்தில் அளவு டேப்போடு மிஷினக்கா. வெயில், நீலத்துணி, மூன்று பேர், ஒரு சோபா. நீளத்துக்கு நீளம். யாருடைய தலையும் போகாது.

மகள் மேல் பகுதியில் பொருத்திக் காட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

பெரியவர் மாடிப்படியில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "அவன் இருக்கானே," என்றார்.

"இருக்கட்டுமே, சித்தப்பாதானே," என்றாள் மகள்.

"நம்ம பட்டறைப் படத்துல அவன் எதுக்கு? நாளைக்கு அரங்கத்துல கேப்பாங்க, இவரு யாருன்னு. என்ன சொல்றது?"

மிஷினக்காவின் கத்திரி நின்றது. இதே கேள்விதான் அன்றைக்கும் வந்தது. ஒரு ஹோட்டல்காரர் அளவு எடுக்கும்போது, குனிந்து சட்டம் தட்டிக்கொண்டிருந்த சின்னவரைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டார். பெரியவர் டேப்பைப் பார்த்துக்கொண்டே, "நம்மகிட்ட வேலை பாக்கறவர்தான்," என்றார். தம்பி என்று சொல்லவில்லை. சாயங்காலம் சின்னவர் கேட்டார். அவசரத்தில் வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். பெரியவர், "வேலைதானே பாக்கறே? பொய்யா சொன்னேன்?" என்றார். மறுநாள் காலை சின்னவர் தன் சுத்தியலையும் பின் அடிக்கும் 'கன்'னையும் எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் கடைகளின் போர்டைப் படிப்பார்கள்.

"தம்பின்னு சொல்லுங்க," என்றாள் மிஷினக்கா. "அவ்வளவுதானே."

"நீ சும்மா இரு. எல்லாத்தையும் கிளறாதே." மகள் பக்கம் திரும்பினார். "இந்தப் போன்லதான் ஆளை அழிக்கலாமாமே. வாடிக்கைக்காரர் ஒருத்தர் காட்டினாரு. அவரு சம்சாரத்துப் பின்னாடி நின்ன ஒருத்தனை அப்படியே காணாம அடிச்சுட்டாரு."

"அப்பா, அது கூட்டத்துல நின்ன எவனோ. இது சித்தப்பா."

"உன்னால முடியுமா முடியாதா?"

வியாழக்கிழமை பகல் பூராவும் அந்த வேலைதான் நடந்தது. மகள் சின்னவரை விரலால் தேய்த்துத் தேய்த்து அழித்தாள். முதலில் சிரிப்புப் போயிற்று, பிறகு சட்டை, பிறகு கால்கள். அவர் நின்ற இடத்தில் போன் தன் இஷ்டத்துக்கு ஒரு சுவரை வரைந்து வைத்தது. ஆனால் சோபாவின் அடியில் பிடித்திருந்த நாலு விரல்கள் மட்டும் போகவில்லை. அதைத் தேய்த்தால் சோபாவின் கால் சேர்ந்து போகிறது. காலை மீட்டால் விரல் திரும்பி வருகிறது.

"விரலு மட்டும்தானே," என்றார் பெரியவர். "யாரு அவ்வளவு கிட்டத்துல பாப்பாங்க? போடு."

"சோபா அந்தப் பக்கம் காத்துல தொங்கற மாதிரி இருக்குப்பா."

"லேசான சோபான்னு நினைப்பாங்க. போடு."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டாள். போட்டதும் பெரியவர் போனை வாங்கிக் கையை நீட்டி எட்டத்தில் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் கீழே பட்டறையின் வட்ட முத்திரை, அவரே ராத்திரியும் பகலுமாக யோசித்து வரைந்து கொடுத்த நாற்காலிச் சின்னம். அதற்கு மேலே நீலச் சோபா. நடுவில் அவர்.

"இப்பத்தான் கடை மாதிரி இருக்கு," என்றார்.

மிஷினக்கா மிஷினிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவள் முகம் போன போக்கை மகளும் கவனிக்கவில்லை, பெரியவரும் கவனிக்கவில்லை. நாலாவது ஸ்டூலின் பைப்பிங் அன்றைக்கு முதல்முறையாகக் கோணிப் போயிற்று. பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னவர் வாசலில் வந்து நின்றார். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. உள்ளே வரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் போன்.

"அண்ணி," என்றார்.

மிஷினக்கா மோட்டாரை அணைத்தாள். "வாங்க தம்பி. உள்ள வாங்க. டீ போடட்டுமா?"

"டீயெல்லாம் வேணாம். இதை யாரு பண்ணினது?"

பெரியவர் வங்கிச் சோபாவின் மரச்சட்டத்தில் ஸ்பிரிங்கைத் தாங்கும் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். பட்டையை விடாமலே சொன்னார், சுவரைப் பார்த்து: "இது எங்க பட்டறைப் பக்கம். நாங்க என்ன வேணா போடுவோம்."

"நான் உங்ககிட்ட பேசலை. நான் அண்ணிகிட்ட கேக்கறேன்."

"உன் அண்ணி என் பொண்டாட்டி."

"அது எனக்கும் தெரியும்."

"சித்தப்பா, நான்தான் அழிச்சேன். அப்பா சொல்லித்தான்," என்றாள் மகள், அழுகிற மாதிரி.

"உன்னை நான் ஒண்ணும் சொல்லலைம்மா." சின்னவர் ஒரு படி உள்ளே வந்துவிட்டார், கோபத்தில் அது அவருக்கே தெரியவில்லை. "என்னை அழிச்சதுக்கு நான் வரலை அண்ணி. அழிச்சுட்டுப் போகட்டும். நான்தான் இங்க இல்லையே. ஆனா விரலை எதுக்கு விட்டு வெச்சீங்க? என் வாடிக்கைக்காரர் காட்டறாரு, காலங்காத்தால, எட்டுப் பேர் நடுவுல. 'என்னப்பா, உங்கண்ணன் பக்கத்துல பேய் சோபா தூக்குது'ங்கறாரு. ஆள்காட்டி விரல்ல இந்தத் தழும்பு இருக்கு பாருங்க, அது வரைக்கும் தெரியுது. பேய்க்கு எங்க தழும்பு வந்துச்சுன்னு ஒருத்தன் கேக்கறான்."

"விரலு போகலை," என்றார் பெரியவர் சுவரிடம்.

"எப்படிப் போவும்? பாரம் பூரா அந்தக் கையிலதானே இருந்துச்சு."

"ஆமா, பாரம் பூரா நீதான் தூக்கினே. நான் சும்மா தொட்டுக்கிட்டு நின்னேன்."

"அன்னிக்கு உங்க பக்கம் இறங்கிக் கிடந்துச்சு, படத்துலயே தெரியுது!"

"உன் பக்கம்தான் இறங்கிச்சு. நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே!"

இரண்டு பேரும் இப்போது ஒருவருக்கொருவர் நேராகக் கத்திக்கொண்டிருந்தார்கள். சோபாவின் எந்த முனை இறங்கியது என்பதைப் பார்க்கச் சின்னவர் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். விரலால் படத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கத்தல் நின்றது.

"ஆமா," என்றார். "அண்ணி எங்க?"

"என்ன அண்ணி?"

"என்னை வெட்டிட்டீங்க, சரி. அண்ணி இந்த ஓரத்துல நின்னாங்களே. கழுத்துல டேப்போட. அவங்களை எதுக்கு அழிச்சீங்க?"

"அம்மாவை அழிக்கலை சித்தப்பா," என்று மகள் போனை வாங்கினாள். வாங்கிப் பார்த்தவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "வட்டம். வட்டம் மறைச்சுடுச்சு."

மிஷினக்கா நின்ற இடத்தின் மேல் சரியாக அந்த நாற்காலி முத்திரை உட்கார்ந்திருந்தது. டேப்பின் மஞ்சள் நுனி மட்டும் வட்டத்துக்கு வெளியே துளியூண்டு தொங்கியது.

பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். நெற்றியைத் தடவினார்.

"அது இடது பக்கம் நின்னா அப்படித்தான் ஆவும்," என்றார். "வலது பக்கம் நின்னிருந்தா..."

"வலது பக்கம் நின்னிருந்தா?" என்றாள் மிஷினக்கா.

அவள் குரல் பெரிதாக இல்லை. ஆனால் மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி, இந்த மாதிரி ஒரு வட்டம் வரும்னு தெரிஞ்சு, நான் வலது பக்கம் போய் நின்னிருக்கணும். அதானே?"

"நான் அப்படிச் சொல்லலை."

"நேத்திக்கே பாத்தேன். சொல்லலை. நீங்களா பாத்துச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது மூணு தடவை எடுத்துப் பாத்தீங்க. காலையில ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சியைப் பெருசாக்கிப் பாத்தீங்க. இவரு கோவிச்சுக்கிட்டுப் போன ஆளு. இவரு கண்ணுக்குத் தெரியுது."

கம்ப்ரசர் தானாக ஒரு தடவை உறுமி அடங்கியது.

"தம்பி, நீங்களும் ஒண்ணும் பெருமைப்பட வேணாம்," என்றாள் அவர் பக்கம் திரும்பி. "மூணு தெரு தள்ளி இருக்கீங்க. ஒன்றரை வருஷம். உங்க அண்ணன் வாய் ஒரு வாய். அது எனக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியும். உங்களுக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். அதுக்காக என்கிட்ட பேசாமப் போவீங்களா? ஒரு தடவை இந்த வாசலைத் தாண்டிப் போனீங்க, நான் கையைக் காட்டினேன். பாக்காத மாதிரி போனீங்க."

"பாத்தேன் அண்ணி," என்றார் சின்னவர், தரையைப் பார்த்து. "அண்ணன் பின்னாடி நின்னாரு."

"அவரு நின்னா எனக்குக் கை இல்லையா?" மடியில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை உதறினாள். "போதும். என்னால முடியலை. மூணு நாளா ஒரு படம், ஒரு படம். அந்த அம்மா என்ன கேட்டாங்க? வேலையைக் காட்டற மாதிரி ஒரு படம். இந்த வீட்டுல யாராவது வேலையைக் காட்டலாம்னு நினைச்சீங்களா? கடல் வேணும், போர்டு வேணும், இவரு வேணும், அவரு வேணாம். ரிப்பன் மாதிரி நீளமா இருக்குன்னா நீளமா இருக்கறதை எடுக்கணும். இதுல என்ன கஷ்டம்?"

பெரியவர் பட்டை இழுத்துக்கொண்டிருந்த அந்தச் சோபாவைக் காட்டினாள். நாலு பேர் உட்காருவது. அந்த வங்கியின் பழைய சோபா, திரும்பச் செய்ய வந்தது. இடது முனையில் வெறும் மரம். அதை அடுத்துப் பட்டைகள், ஸ்பிரிங்குகள். அதற்கப்புறம் ஃபோம். வலது முனையில் பச்சைத் துணி ஏறி முடிந்துவிட்டது, நடுவில் அதன் ஓரத்துக்கு ஒரு தையல் மட்டும் கையால் போட வேண்டும்.

"தூக்குங்க," என்றாள்.

"இதையா? இது பாதிதான் முடிஞ்சிருக்கு," என்றார் பெரியவர்.

"அதான் வேணும். வாசலுக்குத் தூக்குங்க. வட்டம் வெறும் மரத்தைத்தானே மறைக்கும்? மறைச்சுட்டுப் போகட்டும்."

பெரியவர் ஒரு முனைக்குப் போனார். மறுமுனையில் யாரும் இல்லை. சின்னவர் தன் கைகளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், போய்ப் பிடித்தார். தூக்கினார்கள். கதவருகில் திருப்ப வேண்டிய இடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் இடுப்பை ஒடித்துத் திரும்பினார்கள், எங்கும் இடிக்கவில்லை.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. துணியின் பச்சை வெளுத்துத் தெரிந்தது, ஸ்பிரிங்கின் நிழல் கன்னங்கரேலென்று விழுந்தது. மகள் எதிர்ச் சுவரில் முதுகை வைத்துப் பார்த்துவிட்டு, "வெயில் பளபளப்புல ஒண்ணுமே தெரியலைம்மா," என்றாள். மிஷினக்கா உள்ளே போய்ப் பெரிய வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து ஆண்கள் கையில் கொடுத்தாள்.

"ஆளுக்கு ஒரு முனை பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க. வெயிலை மறைங்க. படத்துக்குள்ள வராதீங்க."

"நான்கூடவா?" என்றார் பெரியவர்.

"நீங்ககூடத்தான்."

ஒரு சின்ன முக்காலியைப் போட்டுச் சோபாவின் நடுப்பகுதியை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, வளைந்த ஊசியில் நூலைக் கோத்தாள். ஃபோம் முடிந்து துணி ஆரம்பிக்கும் இடம் அது. முடியை ஒதுக்கிக்கொள்ளவில்லை. டேப் கழுத்தில் கிடந்தது, அது அங்கே கிடப்பதே அவளுக்கு நினைவில்லை. துணியின் ஓரத்தை மடித்து, இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, தைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் பாரு."

"ஊசியைப் பாக்கணும்டி. உன்னைப் பாத்தா விரல்ல ஏறும்."

"கொஞ்சம் சிரிக்கவாவது செய்யேன்," என்றார் பெரியவர் துணிக்குப் பின்னாலிருந்து.

"வேலை செய்யும்போது எப்பங்க நான் சிரிச்சேன்?"

காற்று துணியை அடித்தது. அது கப்பல் பாய் மாதிரி உப்பி, ஒரு முனை தாழ்ந்தது. மிஷினக்காவின் கைமேல் வெயில் விழுந்தது.

"உன் பக்கம் தாழுது," என்றார் பெரியவர்.

"நான் நேராத்தான் பிடிச்சிருக்கேன். உங்க பக்கம்."

"எனக்குத் தோள்பட்டை வலிக்குதுடா."

"எப்பலேர்ந்து?"

"நீ போனதுலேர்ந்து. ஸ்டூலைத் தூக்கினாக்கூட வலிக்குது."

சின்னவர் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துத் தன் பக்கம் பாரம் வாங்கிக்கொண்டார். "நீங்க ஓரத்தை மட்டும் பிடியுங்க, போதும்," என்றார்.

"அன்னிக்கு ஹோட்டல்காரர்கிட்ட," என்று ஆரம்பித்தார் பெரியவர். துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தார். "அவசரத்துல வந்துடுச்சு."

"ம்."

"ம்னா?"

"ம்தான். வேற என்ன சொல்லச் சொல்றீங்க? துணியைப் பிடிங்க."

மகள் பத்துப் பதினைந்து எடுத்தாள். அதற்குள் மிஷினக்கா நிஜமாகவே அந்தத் தையலை முடித்து முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாள். படத்தை வந்து பார்க்கவில்லை. "எது நல்லா இருக்கோ அதைப் போடு. என்கிட்ட காட்டாதே. யார்கிட்டயும் காட்டாதே," என்றாள். சின்னவருக்கு டீ வந்தது. நின்றுகொண்டே குடித்தார். வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார். போகும்போது மிஷினக்கா கையைக் காட்டினாள். திரும்பிக் காட்டினார்.

*

சனிக்கிழமை மத்தியானம் பெரியவரின் போன் அடித்தது. மூவரும் கீழேதான் இருந்தார்கள். அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"வணக்கம்மா, சொல்லுங்க. ஆமா, ஆமா. பாத்தாங்களா?" மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். "ரொம்ப சந்தோஷம். கமிட்டியில எல்லாருக்குமா? நாங்க உடனே வந்து அளவு... யாரு? நடுவுல உக்காந்து தைக்கறவங்களா?"

மிஷினக்கா பக்கம் திரும்பினார்.

"என் சம்சாரம்மா. அவங்கதான் எங்க தையல் பூரா. ஆமா, அவங்கதான். அவங்ககிட்டயே பேசணுமா? இருங்க, குடுக்கறேன்."

போனை நீட்டினார். மிஷினக்கா மோட்டாரை அணைத்துவிட்டு வாங்கினாள். மேனேஜர் அம்மா நேரே விஷயத்துக்கு வந்தார். நாற்காலிகளின் உறை ஒரே இடத்தில் கிழிகிறது, முந்தின தடவை தைத்தவர்களும் சரியாகச் செய்யவில்லை, என்ன காரணம் என்று கேட்டார்.

"எந்த இடத்துல கிழியுது? முன் ஓரமா, பின்னாடி மடியற இடமா?" கேட்டுக்கொண்டே சாக்பீஸை எடுத்து மேசைமேல் ஒரு கோடு போட்டாள். "அப்ப உக்காரும்போது இல்ல, எந்திரிக்கும்போதுதான் கிழியுது. சீட்டு மேல மடங்கும்ல, அப்ப இழுபடும். அங்க ஒத்தைத் தையல் தாங்காது. துணியை உள்ள திருப்பி ரெட்டைத் தையல் போட்டுத் தர்றேன். ஆமா. எத்தனை நாளா? அடுத்த நாடகம் எப்ப?"

தேதியைச் சொன்னார்கள். மகள் விரல்விட்டு எண்ணினாள். பெரியவர் உதட்டைப் பிதுக்கி, முடியாது என்று தலையை ஆட்டினார். முந்நூற்றுப் பத்து நாற்காலி, ஒரே ஒரு ஆள் பிரித்துப் பூட்டுவதற்கு.

மிஷினக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முடிச்சுடலாம்மா. எங்களுக்கு ரெண்டு பட்டறை இருக்கு. இங்க ஒண்ணு, மூணு தெரு தள்ளி ஒண்ணு. அது யாருதா? என் கொழுந்தன்."

பெரியவர் வாசலில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தானை மாற்றி மாட்டியபடியே தெருவில் இறங்கித் தம்பியின் பட்டறையைப் பார்த்து நடந்தார்.